நமக்கெல்லாம் இன்ஜினியரிங் ஒத்துவருமா? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எஸ்டேட் லயத்தில் வளர்ந்தவள் நான். பத்தாவது வரை தமிழ் மீடியம். இப்போது பி.டெக் மெக்கானிக்கல் முதல் செமஸ்டர். கணக்கில் முதல் இன்டர்னலில் 40-க்கு 11. 'கோட்டாவில் வந்தவள்' என்று காதுபடவே பேசுகிறார்கள். ராத்திரி ஒரு மணி வரை ரூமில் தனியாக உட்கார்ந்து படிக்கிறேன், ஏறவில்லை. கோர்ஸை விட்டுவிடட்டுமா?
– வாசகி, மூணாறு

பதில்: ஒரு இன்டர்னலை வைத்து முடிவெடுக்காதீர்கள். முதலில் படிக்கும் முறையை மாற்றுங்கள்.

1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் கறுப்பின மாணவர்கள் கால்குலஸில் ஏன் தவறுகிறார்கள் என்று கணிதத் துறையைச் சேர்ந்த யூரி ட்ரைஸ்மேன் ஆராய்ந்தார். அவர்கள் படிக்கும்போது கூடவே இருந்து பார்த்தார். உழைப்பிலும் வீட்டார் ஆதரவிலும் குறையே இல்லை. ஆனால் அறைக்குள் தனித்தனியே படித்தார்கள். நன்றாகச் செய்த சீன வம்சாவளி மாணவர்களோ, தனியே போட்ட கணக்கைப் பிறகு சேர்ந்து உட்கார்ந்து சரிபார்த்தார்கள். ட்ரைஸ்மேன் அதேபோல் குழுக்கள் அமைத்து, வகுப்பில் வருவதைவிடக் கடினமான கணக்குகளைக் கொடுத்தார். மதிப்பெண் ஏறியது.

உங்கள் ஹாஸ்டலில் நாலு பேர் சேர்ந்தால் போதும். வாரம் இரண்டு நாள், இரண்டிரண்டு மணி நேரம். முதல் 40 நிமிடம் பேச்சே கூடாது. எல்லோரும் அதே ஐந்து கணக்கைத் தனியாகப் போட வேண்டும். அப்புறம் பேனா, சிக்கிக்கொண்டவர் கையில். தெரிந்தவர் கேள்வி மட்டும் கேட்கலாம். பல குழுக்கள் கெட்டுப்போவது இங்கேதான்: கெட்டிக்காரர் ஒருவர் விறுவிறுவென்று போட, மற்றவர்கள் பார்த்து எழுதிக்கொண்டு புரிந்துவிட்டதாக நினைத்துவிடுவார்கள். இன்டக்ரேஷனில் சப்ஸ்டிட்யூஷன் செய்துவிட்டு லிமிட்டை மாற்ற மறப்பது போன்ற தவறைத் தனியே படிப்பவர் வாரக்கணக்கில் செய்துகொண்டிருப்பார். பக்கத்தில் ஆள் இருந்தால் அப்போதே பிடிபடும். பேசுவது தமிழிலேயே இருக்கட்டும், ஸ்டெப்பை ஆங்கிலத்தில் எழுதுங்கள்.

கோட்டா பேச்சுக்கு வருவோம். உங்கள் சீட் சட்டம் தந்த உரிமை. யாருக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இந்தப் பேச்சு பரீட்சையிலும் உறுத்துமா? உளவியலாளர்கள் கிளாட் ஸ்டீலும் ஜோஷுவா ஆரன்சனும் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இதைச் சோதித்து 1995-ல் வெளியிட்டார்கள். 'இது உங்கள் திறமையை அளக்கும் தேர்வு' என்று சொன்னபோது கறுப்பின மாணவர்கள் வாங்கிய மதிப்பெண் குறைந்தது. அப்படிச் சொல்லாதபோது அந்தக் குறை பெரும்பாலும் மறைந்தது. பின்னாளில் பெரிய அளவில் செய்த சோதனைகளில் விளைவு இவ்வளவு வலுவாக வரவில்லை. அதனால் மனசைத் தேற்றிக்கொண்டால் மார்க் வந்துவிடும் என்று சொல்ல மாட்டோம், குழுவை நம்புங்கள். சாதியைச் சொல்லி யாராவது இழிவுபடுத்தினால் பொறுத்துப் போகாதீர்கள். தேதி, இடம், சாட்சியோடு கல்லூரியின் எஸ்.சி., எஸ்.டி. குழுவிடம் எழுதிக் கொடுத்து, நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு பேப்பர் போனாலும் சப்ளி (துணைத் தேர்வு) எழுதலாம். இரண்டு செமஸ்டர் இப்படிப் படித்துப் பார்த்துவிட்டு கோர்ஸைப் பற்றி யோசியுங்கள்.

கேள்வி: தமிழ் மீடியம் பள்ளியில் சயின்ஸ் எடுக்கிறேன். நன்றாகப் படிக்கும் பெண்பிள்ளைகளே ப்ளஸ் ஒன்னில் சயின்ஸ் குரூப் வேண்டாம் என்கிறார்கள். 'அங்கே எல்லாம் மலையாளமும் இங்கிலீஷும்தான் டீச்சர்' என்று பயப்படுகிறார்கள்.
– ஆசிரியை, சித்தூர், பாலக்காடு மாவட்டம்

பதில்: அந்தப் பயத்தில் நியாயம் இருக்கிறது டீச்சர். எட்டாம் வகுப்பிலேயே ஒரு நோட்டில் தமிழ், மலையாளம், ஆங்கிலம் என்று மூன்று நெடுவரிசை போடச் சொல்லுங்கள்: திசைவேகம் – பிரவேகம் – வெலாசிட்டி; முடுக்கம் – த்வரணம் – ஆக்ஸிலரேஷன். வாரம் பத்துச் சொல் போதும். அலகும் ஒரு சிறு கணக்கும் கூடவே எழுத வேண்டும். வெறும் பட்டியலாக மனப்பாடம் செய்தால் பரீட்சைக்கு மறுநாள் மறந்துவிடும்.

இன்னொன்று, உங்கள் பள்ளியிலிருந்து போய் இப்போது சயின்ஸ் படிக்கும் அக்காக்களை அழைத்து வாருங்கள். 'கஷ்டப்பட்டேன், ஜெயித்தேன்' என்ற பேச்சு உதவாது. எந்த மாதம் வரை வகுப்பு புரியவில்லை, யாரிடம் கேட்டார், எப்போது இலகுவானது என்று சொல்ல வேண்டும். உளவியலாளர்கள் கிரெகரி வால்டனும் ஜெஃப்ரி கோஹெனும் 2011-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், 'அந்நியமாகத் தோன்றுவது முதலாண்டில் எல்லோருக்கும் வரும், போகப்போகக் குறையும்' என்று சீனியர்கள் சொன்னதைப் படித்து, மாணவர்கள் அதைத் தங்கள் அனுபவத்தோடு சேர்த்து எழுதினார்கள். மொத்தமே சுமார் ஒரு மணி நேரம். அடுத்த மூன்று ஆண்டில் கறுப்பின மாணவர்களின் மதிப்பெண் ஏறியது. ஆகவே கேட்டதோடு விடாமல், பிள்ளைகளையும் ஒரு பக்கம் எழுதவையுங்கள்.

கேள்வி: மகளுக்கு பி.டெக் சீட் கிடைத்திருக்கிறது. கட்டணத்துக்கு வழி?
– ஒரு தந்தை, கொழிஞ்சாம்பாறை

பதில்: எஸ்.சி., எஸ்.டி., ஓ.இ.சி. (இதர தகுதியுள்ள சமூகங்கள்) பிரிவினர் கேரள அரசின் கல்வி உதவித்தொகைத் தளமான இ-கிராண்ட்ஸில் விண்ணப்பிக்கலாம். ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) தரும் பிரகதி உதவித்தொகை பெண்களுக்கு மட்டுமானது: ஆண்டுக்கு ரூ.50,000. குடும்ப வருமானம் ரூ.8 லட்சத்தைத் தாண்டக் கூடாது. ஒரு குடும்பத்தில் இரண்டு பெண்கள் வரை பெறலாம். தேசிய உதவித்தொகை இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வருமானச் சான்றுக்கு அட்சயா மையம் (அரசின் இணையச் சேவை மையம்) வழியாக வில்லேஜ் ஆபீஸுக்கு மனுப் போடுங்கள். நம் பிள்ளைகளுக்குப் பணம் பெரும்பாலும் தடைபடுவது இனிஷியலால். எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தில் இனிஷியல் பின்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுசாக, பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை என்றிருக்கும். மூன்றையும் ஒன்றாக்கி, மகள் பெயரிலேயே உள்ள வங்கிக் கணக்கை ஆதாரோடு இணைத்த பிறகு விண்ணப்பியுங்கள்.