இதயத்தில் வெண்புள்ளி: ஸ்கேன் முடிவு இனத்துக்கு இனம் மாறுமா?

கேள்வி: எனக்கு இது 20-வது வாரம். குழந்தையின் இதயத்தில் ஒரு வெண்புள்ளி தெரிவதாகவும், தொடை எலும்பு கொஞ்சம் குட்டையாக இருப்பதாகவும் ஸ்கேன் ரிப்போர்ட்டில் எழுதியிருக்கிறார்கள். "ஆசியர்களுக்கு இதெல்லாம் சகஜம்" என்கிறாள் தோழி. பிறவிக் குறைபாட்டைக் கண்டுபிடிப்பது இனத்தைப் பொறுத்து மாறுமா?

பதில்: உங்கள் தோழி சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதிதான் முக்கியம்.

தோலின் நிறம் ஒலி அலையைத் தடுக்காது. படம் தெளிவாக விழுமா என்பது குழந்தை படுத்திருக்கும் நிலை, தாயின் உடல் எடை, கருவி, ஸ்கேன் செய்பவரின் கைப்பழக்கம் இவற்றைப் பொறுத்தது. குறைபாட்டின் வகையும் கணக்கில் வரும். மண்டையோடு உருவாகாமல் போவது அநேகமாகத் தப்பாது; இதயக் கோளாறுகளிலோ கணிசமானவை ஸ்கேனில் பிடிபடாமலே போகின்றன.

இனம் நுழைவது வேறு இடத்தில். ரிப்போர்ட்டில் வருபவை இரண்டு வகை. உதடு பிளவு, முதுகுத்தண்டு மூடாமை போன்றவை குறைபாடுகளே. வெண்புள்ளி அப்படியல்ல, அது வெறும் அடையாளம். இதயத் தசையில் சிறிது கால்சியம் படிந்திருக்கிறது, அவ்வளவுதான். இதயத்தின் வேலையை அது கெடுக்காது. டவுன் சிண்ட்ரோம் (ஒரு குரோமோசோம் கூடுதலாக இருப்பதால் வரும் பிறவி நிலை) உள்ள கருக்களில் சற்றுக் கூடுதலாகக் காணப்படுவதால் குறித்து வைக்கிறார்கள். ஆனால் ஆசிய வம்சாவளிக் கருக்களில், எந்தக் குறையும் இல்லாதபோதும், இது மற்றவர்களைவிட அதிகமாகவே தெரிகிறது. ஆகவே உங்கள் விஷயத்தில் அதன் எடை குறைவு.

மூக்கெலும்பு தெரியாமல் போவதும் டவுன் சிண்ட்ரோமுக்கான ஓர் அடையாளம்; அதிலும் இதே கதைதான். 11 முதல் 14 வாரத்துக்குள் பார்க்கும்போது, ஆரோக்கியமான வெள்ளையினக் கருக்களில் சுமார் 100-க்கு 3-ல் அது தெரியாது. ஆப்பிரிக்க-கரீபிய வம்சாவளியில் 100-க்கு சுமார் 10-ல் தெரியாது. ஒரே அளவுகோலை எல்லோருக்கும் வைத்தால் தேவையில்லாமல் எத்தனை தாய்மார்களைப் பயமுறுத்துவோம்! எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

டவுன் சிண்ட்ரோம் ஆபத்தைக் கணக்கிடும் இரத்தப் பரிசோதனைப் படிவத்தில் வம்சாவளி கேட்பதும் இதனால்தான். இரத்தத்தில் அளக்கும் புரதங்களின் இயல்பான அளவு இனத்துக்கு இனம் மாறும். கணினி அதைச் சரிக்கட்டித்தான் ஆபத்தைக் கணக்கிடுகிறது. அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

சரி, தொடை எலும்பு? இதில் 'சகஜம்' என்று விட்டுவிட மாட்டேன். பெற்றோர் இருவரும் குள்ளமானவர்கள் என்றால் லேசான குறைவு குடும்ப வாகாக இருக்கலாம். ஆனால் குழந்தை சரியாக வளராததன் முதல் அறிகுறியாகவும் இருக்கலாம். அதனால் சில வாரம் கழித்து வளர்ச்சி ஸ்கேன் எடுங்கள். எலும்பு வளைந்திருந்தாலோ மிகவும் குட்டையாக இருந்தாலோ கரு மருத்துவ நிபுணரைப் பார்த்தே ஆக வேண்டும்.

டவுன் சிண்ட்ரோம் ஆபத்தைப் பெரிதும் தீர்மானிப்பது தாயின் வயதுதான்: 20 வயதில் சுமார் 1500-ல் ஒன்று, 40-ல் சுமார் 100-ல் ஒன்று. முதல் மூன்று மாதப் பரிசோதனையில் உங்களுக்கு ஆபத்து குறைவு என்று வந்திருந்து, வேறு எதுவும் தெரியவில்லை என்றால், அந்தப் புள்ளிக்காக மட்டும் கருப்பை நீரை ஊசியால் எடுத்துச் சோதிக்கத் தேவையில்லை. அந்தப் பரிசோதனையே செய்யவில்லையா? தாயின் இரத்தத்தில் கலந்திருக்கும் கருவின் டிஎன்ஏவைப் பார்க்கும் பரிசோதனையை இப்போதும் செய்யலாம். இந்த வாரமே மருத்துவரிடம் கேளுங்கள்.