போர்டு முதலா, பெர்மிட் முதலா?

கேள்வி: புதிதாகத் தையல் கடை திறக்கிறேன். கடைப் பெயர் போர்டு செய்பவர், "பெர்மிட்டெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம், யாரும் கேட்க மாட்டாங்க" என்கிறார். பாதிப் பணம் அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டேன். வேலையைத் தொடங்கச் சொல்லட்டுமா?

வேண்டாம். இன்றே போன் போட்டு, ஷீட் வெட்டுவதை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். உங்கள் கடைப் பெயரில் வெட்டிய எழுத்துகளை வேறு யாரும் வாங்கப்போவதில்லை. அளவு பெரிது என்று பெர்மிட் தரும் உள்ளாட்சி அலுவலகத்தில் திருப்பி அனுப்பினால் அந்த நஷ்டம் முழுக்க உங்கள் தலையில்தான். "யாரும் கேட்க மாட்டாங்க" என்று சொன்னவர் பெயருக்கு நோட்டீஸ் வராது. கடைக்காரர் பெயருக்கு வரும், பல ஊர்களில் கட்டட உரிமையாளர் பெயருக்கும் சேர்ந்தே வரும்.

முதலில் வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பாருங்கள். கடைக்குள் இருக்கும் இடம்தான் பெரும்பாலும் வாடகைக்கு. வெளிச்சுவரும் மொட்டைமாடியும் உரிமையாளர் கையிலேயே இருக்கும். அதனால் அவருடைய சம்மதக் கடிதம் இல்லாமல் பல இடங்களில் விண்ணப்பத்தை வாங்கக்கூட மாட்டார்கள். அது கிடைத்ததும் உள்ளாட்சி அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேளுங்கள்: இந்தத் தெரு எந்த மண்டலத்தில் வருகிறது, இவ்வளவு நீளச் சுவருக்கு எத்தனை சதுர மீட்டர் வரை வைக்கலாம், தெருப் பக்கம் எவ்வளவு நீட்டலாம், உள்ளே விளக்கு போடலாமா, பெயர் எந்த மொழியில் இருக்க வேண்டும்? கடைசிக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 2025 ஜூன் 1 முதல், கடைப் பெயர் வேறு மொழியில் இருந்தால் பிரெஞ்சு வாசகம் அதைப் போல் இரண்டு மடங்கு இடம் பிடிக்க வேண்டும். இதைத் தெரிந்துகொள்ளாமல் டிசைன் போட்டவருக்கு டிசைன் காசு போனது போனதுதான்.

அதற்குப் பிறகுதான் வரைபடம். சாலையிலிருந்து கட்டடம் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்று காட்டும் ஒன்று; கடையின் முன்பக்கச் சுவரை அளவோடு வரைந்து, அதில் போர்டு எங்கே உட்காரும் என்று காட்டும் இன்னொன்று. போர்டைச் சுவரோடு எப்படிப் பிடிக்கிறார்கள் என்பதும் அதில் இருக்க வேண்டும். விளக்கு உண்டென்றால் பல இடங்களில் மின் இணைப்புக்குத் தனி அனுமதி வாங்க வேண்டும்.

சரி, கொடுத்த அட்வான்ஸ்? மூன்று விஷயத்தை எழுதி வாங்குங்கள், வாட்ஸ்அப்பில் வந்தாலும் போதும். விண்ணப்பிப்பது யார், கட்டணம் கட்டுவது யார். பெர்மிட் கைக்கு வந்த பிறகே செய்யத் தொடங்குவது. கிடைக்காமல் போனால் வரைபடச் செலவு போக மீதியைத் திருப்பித் தருவது. நேர்மையான ஆள் இதற்குத் தயங்க மாட்டார். முகம் மாறினால், போன அட்வான்ஸோடு தப்பித்தோம் என்று வேறு ஆளைப் பார்ப்பதே மேல்.

கேள்வி: எங்கள் பல் மருத்துவமனைக்கு 4 சதுர மீட்டர் வரை போர்டு வைக்கலாம் என்றார்கள். எழுத்தும் லோகோவும் சேர்ந்து 3 சதுர மீட்டர்தான் வருகிறது. ஆனால் 6 சதுர மீட்டர் என்று சொல்லி விண்ணப்பத்தைத் திருப்பிவிட்டார்கள். கணக்குத் தெரியாதவர்களா அவர்கள்?

கணக்கு தெரியும், கட்டம் போடும் விதம்தான் வேறு. உங்கள் வரைபடத்தில் எழுத்து வரிசை 5 மீட்டர் நீளம், 40 சென்டிமீட்டர் உயரம். அதாவது 2 சதுர மீட்டர். பக்கத்தில் 1 மீட்டருக்கு 1 மீட்டர் லோகோ. இரண்டையும் தனித்தனியாக அளந்தால் 3 தான். பல ஊர் விதிகளில் எல்லாவற்றையும் சுற்றி ஒரே செவ்வகம் போடுவார்கள். 6 மீட்டர் நீளம், லோகோவின் உயரமான 1 மீட்டர் உயரம், ஆக 6. எழுத்துக்கு மேலும் கீழும் இருக்கும் வெற்றுச் சுவருக்கும் சேர்த்துத்தான் கணக்கு.

லோகோவை 60 சென்டிமீட்டராகக் குறைத்துப் பாருங்கள். நீளம் 5.6, உயரம் 0.6, மொத்தம் 3.36 சதுர மீட்டர். எழுத்தில் ஒரு மில்லிமீட்டர்கூடக் குறைக்காமல் பாஸ் ஆகிவிடும். போர்டு செய்கிறவர் இதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று காசு வாங்குகிறவருக்குச் சின்னதாக்கச் சொல்ல மனம் வராது, என்ன செய்ய!

உங்களுக்குக் கிடைத்த 4 சதுர மீட்டரும் குறைவில்லை. பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் 2007 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் தெருவோர விளம்பரப் பலகைகளை அடியோடு தடை செய்தது. கடை முகப்பு 10 மீட்டருக்குள் இருந்தால் பெயர்ப்பலகைக்கு ஒன்றரை சதுர மீட்டர், அவ்வளவுதான். அங்கேயும் கடைகள் நடக்கத்தான் செய்கின்றன.

கேள்வி: வாடகைக்கு எடுத்த கடையில் முந்தைய கடைக்காரரின் பெரிய போர்டு அப்படியே இருக்கிறது. மேலே இருக்கும் ஷீட்டை மட்டும் மாற்றினால் அனுமதி வேண்டுமா? அதைத் தாங்கும் இரும்புச் சட்டம் துருப்பிடித்திருப்பதால் புதிதாகவே போட்டுவிடலாமா என்றும் யோசிக்கிறேன்.

இரும்புச் சட்டத்தில் கை வைக்காதீர்கள், முதலில் போர்டின் ஜாதகத்தைப் பாருங்கள். இன்றைய விதி வருவதற்கு முன்பே மாட்டிய பழைய போர்டாக அது இருக்கலாம். அப்படிப்பட்டதைப் பல ஊர்களில் இருக்கிறபடியே விட்டுவைப்பார்கள். கழற்றி இறக்கினாலோ அளவை மாற்றினாலோ அந்தச் சலுகை அன்றோடு போய்விடும். புதிதாகப் போடுவது இன்றைய அளவில்தான். பத்தடி போர்டை ஆசையாகக் கழற்றி ஆறடிக்கு வந்து நின்றவர்கள் உண்டு.

பழைய பெர்மிட் நகலைக் கட்டட உரிமையாளரிடம் கேளுங்கள், அலுவலகக் கோப்பிலும் இருக்கும். அது யார் பெயரில் இருக்கிறது, எதுவரை செல்லும் என்று பாருங்கள். இங்கிலாந்தில் தனியாக விண்ணப்பித்து வாங்கும் விளம்பர அனுமதி வழக்கமாக 5 ஆண்டுக்குத்தான். ஷீட் மட்டும் மாற்றுவதற்குச் சில ஊர்களில் ஒன்றும் வேண்டாம், சில ஊர்களில் ஒரு சின்ன விண்ணப்பம். துருவைப் பற்றி நீங்கள் கேட்டது நியாயமான கவலை. பழுதுபார்க்கிறோம் என்று எழுதிக் கொடுத்து, அளவு மாறாமல் வெல்டிங் செய்துகொள்ள வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

கேள்வி: மாடியில் 3 மீட்டருக்கு ஒன்றரை மீட்டர் போர்டு நிறுத்தப்போகிறோம். இதற்குப் போய் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் கையெழுத்து கேட்கிறார்கள். காசு பிடுங்கத்தானே?

காற்றைக் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். நொடிக்கு 40 மீட்டர், அதாவது மணிக்கு 144 கிலோமீட்டர் வேகப் புயல்காற்று, எதிரே நிற்கும் ஒவ்வொரு சதுர மீட்டரையும் ஏறக்குறைய 98 கிலோ எடைக்குச் சமமாகத் தள்ளும். உங்கள் போர்டு நாலரைச் சதுர மீட்டர், ஆகவே சுமார் 440 கிலோ. அது போர்டின் எடை அல்ல, பக்கவாட்டில் தள்ளும் பலம். நாலைந்து போல்ட்டும் மாடிக் கைப்பிடிச் சுவரும் அதைத் தாங்கியாக வேண்டும். காற்று வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்காகும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

2024 மே 13 அன்று மும்பை காட்கோபரில் பெட்ரோல் பங்க் மேல் விழுந்த விளம்பரப் பலகை, மாநகராட்சி அப்போது சொன்ன கணக்கில், 120 அடிக்கு 120 அடி. மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40 அடிக்கு 40 அடி. 17 பேர் இறந்தார்கள். உங்களுடையது அதன் முன் தபால் தலை அளவுதான், ஆனாலும் கீழே நடைபாதை இருக்கிறது. இன்ஜினியருக்குக் கொடுக்கும் காசுக்கு வருத்தப்படாதீர்கள். கணக்குத் தாள் இல்லாமல் வெறும் முத்திரையை மட்டும் குத்தித் தருகிறேன் என்கிறவரிடம் போகாதீர்கள்.

கேள்வி: ஓடும் எழுத்து எல்.இ.டி. போர்டு ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்கும் முன் கேட்டுவிடுங்கள். சாதாரண போர்டை விட இதற்குத்தான் விதிகள் கறார். இரவில் எவ்வளவு வெளிச்சம், ஒரு வாசகம் குறைந்தது எத்தனை நொடி அசையாமல் நிற்க வேண்டும், எத்தனை மணிக்கு அணைக்க வேண்டும் என்றெல்லாம் இருக்கும். ஜப்பானின் கியோட்டோ நகரம் 2007இல் மினுக்கும் விளக்கு போர்டுகளையும் மொட்டைமாடி போர்டுகளையும் நகரம் முழுவதும் விலக்கிவிட்டது. அனுமதி உள்ள ஊர் என்றால், வெளிச்சத்தைக் குறைக்கும் வசதியும் தானாக மங்கும் சென்சாரும் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். மலிவு மாடல்களில் பெரும்பாலும் இருப்பது ஒரே வெளிச்சம்தான், கண்ணைக் குத்துகிற வெளிச்சம்.

கேள்வி: பக்கத்துக் கடையில் என்னுடையதைப் போல் இரண்டு மடங்கு போர்டு. எனக்கு மட்டும் 15 நாளில் இறக்கச் சொல்லி நோட்டீஸ். இது என்ன நியாயம்?

அவருடையது பழைய போர்டாக இருக்கலாம், அவர் விலக்கு வாங்கியிருக்கலாம், அல்லது அவர் நோட்டீஸ் அடுத்த வாரம் வரலாம். "அவர் வைத்திருக்கிறாரே" என்பது எந்த அலுவலகத்திலும் செல்லாது. நோட்டீஸில் எந்த விதியை மீறியதாக எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அனுமதி வாங்காததுதான் குறை என்றால், கெடுவுக்குள் விண்ணப்பித்து, இறக்குவதை நிறுத்திவைக்கக் கேட்டு எழுதிக் கொடுங்கள். அபராதம் சேர்ந்த கட்டணத்தோடு பல இடங்களில் முடிந்துவிடும். அளவுதான் குறை என்றால் முறையீட்டுக்கு எத்தனை நாள் என்று அந்தக் காகிதத்திலேயே இருக்கும், நாள் எண்ணத் தொடங்குவது பெரும்பாலும் நோட்டீஸ் உங்கள் கைக்கு வந்த தேதியிலிருந்து. உறையைத் தூக்கிப் போடாதீர்கள், தபால் முத்திரை அதில்தான் இருக்கிறது.