மீன்பிடித் திருவிழாவில் ஏன் எல்லாரையும் இலவசமாக மீன் பிடிக்க விடுகிறார்கள்?

ஏலம் விட்டால் ஊருக்குப் பணம் வருமே என்று கேட்கிறீர்கள். சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றும்போது இந்தத் திருவிழா நடக்கும். விட்டுவைத்தால் மீன் சேற்றில் செத்து நாறும். அதைச் சுற்று ஊர்களோடு பகிர்வதுதான் மரபு. அன்று வீட்டுக்கு வீடு மீன்குழம்பு. இப்படித் திருவிழா நடத்தினால் மழை வரும் என்பது நம்பிக்கை.

பெரியவர்கள் வெள்ளைத் துண்டை வீசும்வரை யாரும் இறங்கக் கூடாது. மீன் பிடிக்கும் ஊத்தா என்பது இருபுறமும் திறந்த மூங்கில் கூடை. அகன்ற வாயைச் சேற்றில் அழுத்தி, மேல்வாய் வழியே கைவிட்டுத் துழாவ வேண்டும். மீன் மோதினால் பதறிக் கூடையைத் தூக்காதீர்கள், அந்த இடுக்கிலேயே விரால் நழுவிவிடும். கெளுத்தி முள் குத்தினால் கடுகடுவென்று வலிக்கும்.

மடைப் பள்ளத்தில் தண்ணீர் நின்றால் குஞ்சுகளை அங்கேயே விட்டுவிடுங்கள். அடுத்த மழைக்கு அவைதான் விதை.