ஈஸ்ட் செல் கொழுப்பை எங்கே, எதற்காகச் சேமிக்கிறது?

ரொட்டிக்குப் போடும் ஈஸ்ட், ஒற்றைச் செல் உயிர். அதற்குக் கொழுப்பு எதற்கு, அதை எப்படிச் சேமிக்கிறது என்று கேட்டிருக்கிறீர்கள். இதைப் பாடத்தில் படித்ததைவிடத் திட்டு வாங்கித் தெரிந்துகொண்டதுதான் அதிகம்.

மதுரையில் முதுகலை படித்தபோது ஒரு சித்திரைத் திருவிழா. ஊட்டக் கரைசலில் ஈஸ்டைக் கலந்து, குலுக்கிக்கொண்டே வளர்க்கும் ஷேக்கர் கருவியில் வைத்துவிட்டு, மறுநாள் எடுத்துக்கொள்ளலாம் என்று மூன்றுமாவடிக்கு எதிர்சேவை பார்க்கப் போனேன். அழகர் ஆற்றில் இறங்கி வண்டியூரும் போய்ச் சேர்ந்துவிட்டார். நான் ஆய்வகப் பக்கமே போகவில்லை. நான்காம் நாள் போனபோது சர்க்கரை தீர்ந்து, வளர்ச்சி நின்று, கரைசல் கிழடு தட்டியிருந்தது. பேராசிரியர் திட்டி முடித்துவிட்டு, “கொட்டிவிடாதே, நைல் ரெட் சாயம் போட்டுப் பார்” என்றார். கொழுப்பில் ஏறி ஒளிரும் சாயம் அது. ஒளிர் நுண்ணோக்கியில் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் தங்க மஞ்சளில் சில பொட்டுகள். செல்லின் குறுக்களவு சுமார் 5 மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஐந்து பங்கு; பொட்டு ஒவ்வொன்றும் அரை மைக்ரான் அளவு. அவைதான் கொழுப்புத் துளிகள்.

துளியின் நடுவில் சமையல் எண்ணெயில் உள்ள கொழுப்பு வகையான டிரைகிளிசரைடும், கொலஸ்டிரால் இனத்தைச் சேர்ந்த ஸ்டீரால் எஸ்டரும் ஏறத்தாழ சரிபாதியாக இருக்கும். சுற்றிலும், ஒரு முனை நீரையும் மறுமுனை எண்ணெயையும் நாடும் பாஸ்போலிப்பிட் மூலக்கூறுகளின் படலம், அதுவும் ஒற்றை அடுக்கு. செல்லின் மற்ற சவ்வுகளெல்லாம் இரட்டை அடுக்கு. இங்கே உள்ளே எண்ணெய், வெளியே நீர் என்பதால் ஒன்றே போதும்.

செல்லுக்குள் பின்னல்போல் விரிந்திருக்கும் எண்டோபிளாச வலையின் சவ்வில்தான் துளி பிறக்கிறது. அங்குள்ள நொதிகள் செய்யும் எண்ணெய், சவ்வின் இரண்டு அடுக்குகளுக்கு நடுவே தேங்கி, ஒரு பக்கம் மட்டும் உப்பிய பூரியைப் போலப் புடைத்துக்கொண்டு வருகிறது. ஈஸ்டில் பெரும்பாலான துளிகள் அந்தச் சவ்வோடு உறவை அறுத்துக்கொள்வதே இல்லை. ஒட்டும் அந்தக் கழுத்தில் நிற்கும் புரதம் செய்பின். அது இல்லாத ஈஸ்டில் சில துளிகள் பூதாகரமாகப் பெருத்துவிடுகின்றன. மனிதரில் அதே புரதம் பழுதானால் தோலுக்கடியில் கொழுப்பே ஏறக்குறைய இல்லாமல் குழந்தை பிறக்கிறது; கொழுப்பு போய்க் கல்லீரலில் சேர்கிறது. ரொட்டிக் கடைச் சரக்கை ஆராய்வதால் என்ன பயன் என்று கேட்கும் உறவினர்களுக்கு நான் சொல்லும் பதில் இது.

எதற்காகச் சேமிக்கிறது? பசிக்கு என்று சட்டென்று சொல்லிவிடுவோம். அது பாதிதான். இந்த எண்ணெயைச் செய்யும் நொதிகளுக்கான மரபணுக்கள் டிஜிஏ1, எல்ஆர்ஓ1, ஏஆர்இ1, ஏஆர்இ2 என்று நான்கு. நான்கையும் நீக்கினால் துளி ஒன்றுகூட உருவாகாது, ஆனாலும் ஈஸ்ட் பிழைத்துக்கொள்கிறது. அதற்கே கடலை எண்ணெயில் நிறைய உள்ள ஒலியிக் அமிலத்தைக் கொடுத்துப் பாருங்கள், தாங்காமல் மடிகிறது. கட்டுப்படாமல் திரியும் கொழுப்பு அமிலம் செல்லுக்கு நஞ்சு. அதைப் பிடித்து அடைத்து வைக்கும் இடமும் இந்தத் துளிதான். என் கணக்கில் இந்த வேலைதான் பெரியது.

பசி வேலையும் உண்டு. புதிய சர்க்கரை கிடைத்ததும் செல் பிரியத் தொடங்கும். புதுச் செல்லுக்குப் புதுச் சவ்வு வேண்டும். டிஜிஎல்3, டிஜிஎல்4 என்ற நொதிகள் துளியிலிருந்த டிரைகிளிசரைடை உடைத்துக் கொடுக்கின்றன. செல் பிரிவை நடத்தும் சிடிகே1 நொதியேதான் டிஜிஎல்4ஐயும் முடுக்கிவிடுகிறது. கட்டட வேலை தொடங்கச் சொல்பவரே கிட்டங்கிச் சாவியையும் வைத்திருப்பது மாதிரி.

அந்தக் கிழட்டுக் கரைசலில் கொஞ்சம் எடுத்து அன்று காலை புதிய ஊட்டத்தில் விட்டேன். மணிக்கு ஒரு சொட்டு எடுத்துச் சாயம் போட்டுப் பார்த்தேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பார்த்தபோது மஞ்சள் பொட்டுகள் சிறுத்து மங்கியிருந்தன. பாதிக்கு மேற்பட்ட செல்களின் ஓரத்தில் புதுச் செல் மொட்டு விட்டிருந்தது.