சர்க்கரை அடங்கியும் ஏன் இத்தனை மாத்திரை?

கேள்வி: எனக்கு 58 வயது. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ளது. ஹெச்பிஏ1சி (சுமார் மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் அளவு) இப்போது 6.8. அப்படியிருந்தும் மருத்துவர் கொழுப்புக்கு ஒரு மாத்திரை, பிரஷருக்கு ஒரு மாத்திரை, போதாக்குறைக்குச் சிறுநீர்ப் பரிசோதனை என்கிறார். சர்க்கரை அடங்கினால் இதயத்துக்கு வரும் ஆபத்தும் அடங்கிவிடாதா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அடங்கிவிடும் என்றுதான் மருத்துவர்களில் பலரும் ஒரு காலத்தில் எதிர்பார்த்தார்கள். பிரிட்டனில் 5,000க்கும் மேற்பட்டோரை வைத்து நடந்து, 1998ஆம் ஆண்டில் முடிவுகள் வெளியான யுகேபிடிஎஸ் ஆய்வில், சர்க்கரையைக் கட்டுப்படுத்தியதால் கண், சிறுநீரகம் போன்றவற்றின் நுண்ணிய ரத்தக்குழாய்களின் பாதிப்பு 25 சதவீதம் குறைந்தது; மாரடைப்பு குறைந்தது உறுதியான முடிவு என்று சொல்லும் அளவுக்கு அப்போது எட்டவில்லை.

உங்கள் மருத்துவர் செய்வதன் வேர் டென்மார்க்கில் இருக்கிறது. கோபன்ஹேகனை ஒட்டியுள்ள ஸ்டெனோ நீரிழிவு மையத்தில் ஓலுஃப் பெடர்சன், பீட்டர் கேதே ஆகியோரின் குழு, இரண்டாம் வகை நீரிழிவு உள்ள 160 பேரை இரு சம பிரிவாகப் பிரித்தது. அனைவருக்கும் சிறுநீரில் நாளொன்றுக்கு 30 முதல் 300 மில்லிகிராம் வரை அல்புமின் என்ற புரதம் கசிந்துகொண்டிருந்தது. சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனையில் பெரும்பாலும் தென்படாத இந்தச் சிறு கசிவு, சிறுநீரகத்தைப் பற்றி மட்டுமல்லாமல், உடலெங்கும் உள்ள ரத்தக்குழாய்களின் நிலையைப் பற்றியும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. ஆகவே உங்களுக்கு எழுதித் தந்த பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு பிரிவினருக்கு வழக்கமான சிகிச்சை. மற்றொரு பிரிவினருக்குச் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகிய மூன்றுக்கும் கடுமையான இலக்குகள், உணவு, உடற்பயிற்சி, புகைப்பழக்கம் குறித்த ஆலோசனை, ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், அழுத்தம் சரியாக இருந்தாலும் சிறுநீரகத்தைக் காக்க ஒரு மாத்திரை என எல்லாம் ஒருசேர. சராசரியாக 7.8 ஆண்டுகளுக்குப் பின், 2003இல் வெளியான முடிவின்படி, வழக்கமான பிரிவில் 35 பேருக்கு மாரடைப்பு, பக்கவாதம், பைபாஸ், கால் அகற்றம் போன்றவை மொத்தம் 85 முறை நேர்ந்திருந்தன; மற்றதில் 19 பேருக்கு 33 முறை. அதன்பின் இரு பிரிவினருக்கும் ஒரே தீவிர சிகிச்சை அளிக்கப்பட்டும் இடைவெளி மறையவில்லை: 13 ஆண்டு முடிவில் இறந்தவர்கள் வழக்கமான பிரிவில் 40 பேர், தீவிர பிரிவில் 24 பேர்.

இதில் என்னை மிகவும் ஈர்த்தது வேறொன்று. தீவிர சிகிச்சை பெற்றவர்களிலும் ஹெச்பிஏ1சி 6.5 என்ற இலக்கைத் தொட்டவர்கள் மிகச் சிலரே. கொழுப்பு இலக்கைத்தான் பெரும்பாலோர் எட்டினார்கள். பலனில் பெரும்பங்கு கொழுப்பு குறைந்ததால் வந்ததே என்று ஆய்வாளர்களே பின்னர் கணக்கிட்டார்கள். 160 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். எனினும் கொழுப்பு, அழுத்தம் ஆகியவற்றைத் தனித்தனியே ஆராய்ந்த பெரிய ஆய்வுகளும் இதே திசையைத்தான் காட்டுகின்றன. ஆகவே, சர்க்கரை நன்றாக இருக்கிறது என்பதற்காகக் கொழுப்பு மாத்திரையை நிறுத்துவது சரியல்ல.

கேள்வி: அப்பாவுக்கு 72 வயது. ஸ்டென்ட் வைத்திருக்கிறோம். ஹெச்பிஏ1சி 7.4. இதை 6க்குக் கீழே கொண்டுவந்துவிட்டால் இன்னும் பாதுகாப்புதானே?
– வாசகி, தூத்துக்குடி

பதில்: இல்லை, அம்மா. அமெரிக்காவிலும் கனடாவிலும் 10,251 பேரை வைத்து நடந்த அக்கார்ட் ஆய்வு இதையேதான் சோதித்தது. உங்கள் தந்தையைப் போல இதய நோய் உள்ளவர்களும், அது வரும் வாய்ப்பு அதிகம் உள்ளவர்களுமே அதில் இருந்தார்கள். 6க்குக் கீழே கொண்டுவர முயன்ற பிரிவில் 257 பேரும், 7க்கும் 7.9க்கும் இடையே வைத்திருந்த பிரிவில் 203 பேரும் இறக்கவே, 2008 பிப்ரவரியில் அந்தத் தீவிர முயற்சி பாதியிலேயே நிறுத்தப்பட்டது. இறப்புகள் கூடியதற்கான காரணம் முழுமையாகத் தெளிவாகவில்லை. ஆனால் பிறர் உதவி தேவைப்படும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோவது அந்தப் பிரிவில் மிக அதிகமாக இருந்தது. இந்த வயதில், இந்த இதயத்துக்கு, 7.4 என்பதில் பதற்றப்பட ஒன்றுமில்லை. இரவில் வியர்த்துக்கொட்டுகிறதா, அதிகாலையில் தடுமாற்றம் வருகிறதா என்று கவனித்து, இருந்தால் அவருடைய மருத்துவரிடம் உடனே சொல்லுங்கள்.

கேள்வி: இதய நோய் இல்லாத சர்க்கரை நோயாளிகள் எல்லோரும் ஆஸ்பிரின் சாப்பிட வேண்டுமா?
– வாசகர், ஈரோடு

பதில்: எல்லோரும் அல்ல. ஸ்டெனோ ஆய்வில் ஆஸ்பிரினுக்கும் இடம் இருந்தது உண்மை. ஆனால் இதய நோய் வராத 15,480 நீரிழிவு நோயாளிகளிடம் பிரிட்டனில் நடந்து 2018இல் வெளியான அசெண்ட் ஆய்வில், ஆஸ்பிரினால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 9.6 சதவீதத்திலிருந்து 8.5 சதவீதமாகக் குறைந்தபோது, பெரிய ரத்தக்கசிவு 3.2 சதவீதத்திலிருந்து 4.1 சதவீதமாகக் கூடியது. வரவும் செலவும் ஏறக்குறைய சமம். முன்பே மாரடைப்பு வந்தவர்களுக்கும் ஸ்டென்ட் வைத்தவர்களுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அவர்கள் மருத்துவரைக் கேட்காமல் ஒரு நாள்கூட ஆஸ்பிரினை நிறுத்தக் கூடாது.