எரித்ரோசின் சாயமும் எலியின் தைராய்டும்: கேள்வி பதில்

கேள்வி: அக்கா, கேக் மேல வைக்கிற செர்ரில இருக்கிற சிவப்புச் சாயம் எலிக்குத் தைராய்டு கட்டி வரவைக்குமாமே, நிஜமா?

பதில்: நிஜம்தான், ஆனால் எவ்வளவு கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அது எரித்ரோசின், எடையில் பாதிக்கு மேல் அயோடின். தீவனத்தில் 4 சதவீதம் கலந்து ஆயுசு முழுக்கக் கொடுத்தபோது ஆண் எலிகளுக்குக் கட்டிகள் கூடின. அதாவது உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் சுமார் 2,500 மில்லிகிராம். நமக்கு ஏற்கத்தக்க அளவு என்று வைத்திருப்பது கிலோவுக்கு 0.1 மில்லிகிராம்.

கேள்வி: அப்போ அந்த அயோடின்தானே வேலையைக் காட்டுது?

பதில்: எல்லோருக்கும் முதலில் அப்படித்தான் தோன்றும். ஆனால் சாயத்தில் பெரும்பகுதி மலத்தோடு வெளியேறிவிடும், உடம்பில் ஏறுவது சொற்பம். ஏறிய அந்தக் கொஞ்சம்தான் கல்லீரலில் போய்க் கோளாறு செய்கிறது. தைராய்டு சுரப்பது பெரும்பாலும் டி4 என்ற ஹார்மோன், அதிலிருந்து ஒரு அயோடினைக் கழற்றி டி3 என்ற இன்னொரு ஹார்மோனாக ஆக்கும் நொதியை இந்தச் சாயம் தடுக்கிறது. டி4 தேங்குகிறது, டி3 போதவில்லை என்று மூளையடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, தைராய்டைத் தூண்டும் டிஎஸ்எச் ஹார்மோனை மேலும் மேலும் அனுப்புகிறது, மாதக்கணக்கில் இப்படி விரட்டப்பட்ட தைராய்டு வீங்கி வீங்கிக் கடைசியில் கட்டியில் போய் நிற்கிறது. டி4 மட்டும் அளந்த அறிக்கையை நம்பாதீர்கள், டி4, டி3, டிஎஸ்எச் மூன்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் கதை புரியும்.

கேள்வி: மனுஷங்களுக்கும் இதே கதிதானா மேடம்?

பதில்: அப்படியே பொருந்தாது. டி4-ஐ ரத்தத்தில் பிடித்து வைக்கும் டிபிஜி புரதம் நமக்கு உண்டு, வளர்ந்த எலிக்குக் கிட்டத்தட்ட இல்லை. அதன் டி4 ஒரு நாளுக்குள் பாதியாகிவிடும், நமக்கு ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். அதனால் எலியின் சுரப்பிக்கு எப்போதுமே ஓய்வில்லை, சின்ன உந்துதலே போதும். மனிதர்களில் ஆண்களுக்கு இந்தச் சாயத்தைத் தினம் 200 மில்லிகிராம் இரண்டு வாரம் கொடுத்தபோது டிஎஸ்எச் லேசாக ஏறியது, 60 மில்லிகிராமில் ஏறவில்லை.

கேள்வி: அப்புறம் எதுக்கு அமெரிக்காவில் தடை?

பதில்: அங்கே டெலேனி விதி என்று ஒன்று இருக்கிறது. விலங்குக்குப் புற்றுநோய் வந்தாலே அந்தச் சாயத்தைச் சேர்க்கக் கூடாது, அளவு பற்றிய பேச்சே கிடையாது. இதை வைத்து 1990-லேயே அழகுப் பொருட்களில் நிறுத்தினார்கள், உணவில் நிறுத்தச் சொல்லி உத்தரவு வந்தது 2025 ஜனவரியில்தான். உதட்டில் பூசக்கூடாததைக் குழந்தை மிட்டாயில் 35 வருஷம் விட்டுவைத்ததை என்னால் ஏற்கவே முடியவில்லை.

கேள்வி: பஞ்சு மிட்டாய்ல பிடிச்சதும் இதுதானா?

பதில்: இல்லை. 2024-ல் தமிழ்நாட்டில் தடைக்குக் காரணம் ரோடமின் பி என்ற வேறொரு சாயம், அதில் அயோடினே கிடையாது, உணவில் அதற்கு அனுமதியும் இல்லை. எரித்ரோசினுக்கு இந்தியாவில் அளவோடு அனுமதி உண்டு, பாக்கெட்டில் அதன் சேர்க்கை எண் ஐஎன்எஸ் 127 என்று தேடுங்கள்.