தூரம் ஒன்றுதான், பயண நேரம் ஏன் இரண்டு?

கேள்வி: லண்டன் ஹீத்ரோவுக்கும் நியூயார்க் கென்னடி விமான நிலையத்துக்கும் இடையே சுமார் 5,540 கிலோமீட்டர் என்று ஓர் இணையக் கணிப்பான் காட்டுகிறது. மணிக்கு 900 கிலோமீட்டர் வேகம் என்று வகுத்தால் ஆறு மணி பத்து நிமிடம் வருகிறது. பயணச்சீட்டிலோ போக 8 மணி நேரம், திரும்ப 7 மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். எதை நம்பிச் சீட்டு எடுப்பது?

பதில்: சீட்டில் இருப்பதையே நம்புங்கள். கணிப்பான் சொல்வது பொய்யல்ல; உருண்டையான பூமியின் மேல் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோட்டின், அதாவது பெருவட்டத்தின், நீளம் அது. அந்தக் கோட்டை ஒட்டியே விமானம் பறக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. 2022இல் ரஷ்ய வான்வெளி மூடப்பட்டதும், ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பதரை மணி நேரமாக இருந்த பயணம் ஏறத்தாழ 13 மணி நேரமானது. கணிப்பானில் தூரம் மட்டும் மாறவே இல்லை.

அடுத்தது காற்று. விமானங்கள் பறக்கும் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக வீசும் ஜெட் காற்றோட்டம், நீங்கள் நியூயார்க் போகும்போது எதிர்த்து நிற்கிறது, திரும்பும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது. குளிர்காலத்தில் அதன் வலு கூடும். 2020 பிப்ரவரியில் புயல் காற்றின் தயவில் ஒரு விமானம் நியூயார்க்கிலிருந்து லண்டனுக்கு 5 மணி நேரத்துக்கும் குறைவாகவே வந்து சேர்ந்தது. அதை நம்பி யாரும் அட்டவணை போடுவதில்லை. அட்டவணை நேரம் என்பது நிறுத்துமிடத்தை விட்டு விமானம் நகர்வது முதல் மறுமுனையில் வந்து நிற்பது வரையிலான முழு நேரம். ஓடுபாதைக்காகக் காத்திருப்பது, மேலேறுவது, இறங்குவது எல்லாம் அதில் அடக்கம். தாமதப் பெயர் வராமலிருக்க நிறுவனங்கள் சற்றுத் தாராளமாகவே சேர்த்துக்கொள்வதும் உண்டு.

சீட்டைப் பார்க்கும்போது இன்னோர் இடத்தில் கண் ஏமாறும். காலை 11 மணிக்குப் புறப்பட்டுப் பிற்பகல் 2 மணிக்குச் சேரும் என்றால் பயணம் 3 மணி நேரமல்ல. இரண்டும் அந்தந்த ஊர் நேரம், இடையே 5 மணி நேர வித்தியாசம் உண்டு, ஆகவே 8 மணி நேரம். திரும்பும்போது நியூயார்க்கில் மாலை 6.30க்குக் கிளம்பி லண்டனுக்கு மறுநாள் காலை 6.30க்கு வந்தால் பயணம் 7 மணி நேரமே. இடையில் விமானம் மாறுவதாக இருந்தால் காத்திருப்பையும் சேர்த்த மொத்த நேரத்தையே ஒப்பிட வேண்டும்.

கணிப்பானின் எண்ணுக்குப் பயனே இல்லையா என்றால், ஓரிடத்தில் உண்டு. விமானத் தாமதம், ரத்து ஆகியவற்றுக்கான ஐரோப்பிய ஒன்றியத்தின் 2004ஆம் ஆண்டு விதிமுறை, இழப்பீட்டுத் தொகையை இந்தப் பெருவட்டத் தூரத்தை வைத்தே வகைப்படுத்துகிறது. ஒரே முன்பதிவில் நடுவே எங்கே மாறி ஏறினாலும், புறப்பட்ட இடத்துக்கும் இறுதி இடத்துக்கும் உள்ள தூரமே கணக்கு.